மலை இறங்கிய பின் காத்மாண்டு: மூன்று நாள் பார்க்கவும் விருந்தாளியாய் இருக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ஊரிலிருந்து எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கோ அன்னபூர்ணாவுக்கோ கிளம்பும் குழுக்களின் திட்டத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் தவறாமல் இருக்கும். மலையில் பன்னிரண்டு நாள், பதினான்கு நாள் என்று கணக்காகப் பிரித்திருப்பார்கள். கடைசி வரியில் மட்டும் "காத்மாண்டு, இரவு தங்கல், மறுநாள் விமானம்" என்று இருக்கும். அந்த ஒரு இரவில் தமேல் என்ற சுற்றுலாக் கடைத்தெருவில் நாலு சாமான் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள்.

எனக்கு இது ஒவ்வொரு முறையும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பத்து நாள் உங்கள் மூட்டையைச் சுமந்து வந்தவரின் வீடு பல சமயம் அந்த ஊரில்தான் இருக்கிறது. அவர் சோறு போடக் கூப்பிடுவார். போக நேரமிருக்காது. ஆகவே இந்த வழிகாட்டியில் பார்க்க வேண்டிய இடங்கள் பாதி, ஒருவர் வீட்டுக்குப் போய் உட்காரும் முறை பாதி.

படி 1: கிளம்பும் முன்பே மூன்று முழு நாட்களை ஒதுக்குங்கள்

ஊரைப் பார்ப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் லுக்லா, எவரெஸ்ட் பாதை தொடங்கும் மலை விமான நிலையம். அங்கிருந்து வரும் சிறு விமானங்கள் மேகம் இறங்கினால் பறக்காது. ஒரு நாள், சில சமயம் இரண்டு மூன்று நாள்கூடக் காத்திருக்க நேரும். கூட்டம் மிகுந்த மாதங்களில் பல விமானங்கள் காத்மாண்டுவுக்கு வராமல் ராமேச்சாப்பில் இறக்கிவிடும். அங்கிருந்து சாலை வழியே நான்கைந்து மணி நேரம். கடைசியில் மூன்று நாள் வைத்திருந்தால், ஒரு நாள் மலையில் போனாலும் இரண்டு நாள் கையில் நிற்கும்.

நாட்காட்டியையும் பாருங்கள். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. அன்று கோயில்களில் உள்ளூர்க் கூட்டம் நெருக்கும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தசைன் வரும். பதினைந்து நாள் பண்டிகை. அதன் முக்கிய நாட்களில் பல கடைகள் மூடியிருக்கும், பாதி நகரம் சொந்தக் கிராமத்துக்குப் போய்விடும். அதற்குப் பின் வரும் திஹாரில் ஒரு நாள் நாய்களுக்கென்றே. தெரு நாய்க்குக்கூட நெற்றியில் டீக்கா வைத்து மாலை போடுவார்கள். தேதி பொருந்தினால் தவறவிடாதீர்கள்.

விமானத்தில் வருபவர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வைத்திருக்க வேண்டும். ஆதார் போதும் என்று நினைத்துக் கிளம்பி விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர்கள் இன்னும் உண்டு.

படி 2: வந்த அன்று உடம்புக்கு மட்டும்

ஐயாயிரம் மீட்டர் வரை போன உடம்பு இப்போது ஆயிரத்து நானூறு மீட்டரில் இருக்கிறது. மூச்சு தாராளமாக வரும், பசி கொழுந்துவிட்டு எரியும். அன்றைக்கே பெரிய விருந்து சாப்பிட்டால் வயிறு ஒத்துக்கொள்ளாது. முதல் வேளை சூடான துக்பா என்ற நூடுல்ஸ் சூப், இல்லையென்றால் சோறும் பருப்பும். அவ்வளவு போதும்.

அறைக்கு வந்ததும் காலுறையைக் கழற்றி விரல் இடுக்குகளைப் பாருங்கள். கொப்புளம் உடைந்திருந்தால் கழுவி, மருந்து போட்டு, அன்று முழுக்கச் செருப்போடு இருங்கள். அழுக்குத் துணி எல்லாவற்றையும் சலவைக் கடையில் கிலோக் கணக்கில் கொடுத்துவிடலாம், தமேலில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். மலையில் பிடித்த வறட்டு இருமல் நகரத்துப் புகையில் கூடும், அதனால் முகக்கவசம் ஒன்று பையில் இருக்கட்டும்.

தங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. தமேல் வசதி, ஆனால் இரவெல்லாம் சத்தம். பௌத்தநாத் தூபியின் பக்கமோ, பாட்டன் என்ற பக்கத்துப் பழைய நகரத்திலோ அறை எடுத்தால் காலையில் மணிச்சத்தம் கேட்டு எழலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பணக் கணக்கு எளிது. நம் 100 ரூபாய்க்கு நேபாள ரூபாய் 160, அது நிலையான மதிப்பு. சிறு தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். 2024 முதல் ஃபோன்பே என்ற நேபாள நிறுவனத்தின் கியூஆர் பலகை உள்ள கடைகளில் நம் யூபிஐ மூலமும் கட்டலாம். அதன் பெயர் நம் ஊர்ச் செயலியின் பெயர் போலவே ஒலிக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளுங்கள். டாக்சிக்காரர்கள் மீட்டர் போட மாட்டார்கள். பத்தாவோ, இன்டிரைவ் போன்ற ஆப்பில் விலை பார்த்துவிட்டு ஏறினால் வாக்குவாதம் இல்லை.

படி 3: கைடுக்கும் போர்ட்டருக்கும் கணக்கை மரியாதையோடு முடியுங்கள்

இதை மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். போர்ட்டர்கள் அடுத்த குழுவோடு விடிகாலையில் கிளம்பிவிடுவார்கள். குழுவாகப் போனவர்கள் பணத்தைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறையில் போட்டு, அவரவர் கையில் கொடுங்கள். மொத்தத்தையும் கைடிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வது சரியல்ல. அவர் நல்லவராகவே இருந்தாலும் அது அவரைச் சங்கடத்தில் நிறுத்தும்.

கொடுக்கும்போது வலது கையால் கொடுங்கள், இடது கை வலது முழங்கையைத் தொட்டிருக்கட்டும். அங்கே அது மரியாதை. இனி உங்களுக்குத் தேவைப்படாத கையுறை, கம்பளித் தொப்பி, நல்ல நிலையில் உள்ள ஜாக்கெட் இருந்தால் துவைத்து மடித்துக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுக்காதீர்கள்.

இந்த நேரத்தில்தான் பெரும்பாலும் அந்த அழைப்பு வரும்: "நாளைக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க." சரி என்று சொல்லுங்கள். எப்படிப் போவது என்று படி 5இல் விரிவாகச் சொல்கிறேன்.

படி 4: மூன்று நாளில் எதை, எந்த வரிசையில்

முக்கியமான இடங்களில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு அது கணிசமாகக் குறைவு, அடையாள அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

*முதல் நாள்: சுயம்புநாத், அசன், பசந்தபூர், மாலையில் பௌத்தநாத்*

சுயம்புநாத்துக்குக் கிழக்குப் பக்கமாக 365 படிகள். எல்லா வழிகாட்டிகளும் அதில் ஏறச் சொல்லும். மலை இறங்கி வந்த முழங்காலுக்கு அந்தச் செங்குத்துப் படிகளில் திரும்பி இறங்குவது நரகம். டாக்சியை மேற்குப் பக்கச் சாலை வழியாக மேலே விடச் சொல்லுங்கள். குரங்குகள் ஏராளம். கையில் தின்பண்டம் தெரியக் கூடாது.

அங்கிருந்து அசன் சந்தை. ஆறு தெருக்கள் கூடும் இடம், நடுவில் அன்னபூர்ணா கோயில். மசாலா, உலர்ந்த மீன், பித்தளைப் பாத்திரம், சாமந்தி மாலை எல்லாம் ஒரே இடத்தில். கூட்டம் போகிற போக்கில் தெற்கே நடந்தால் இந்திர சௌக் வழியாகப் பசந்தபூர் வந்துவிடும். இதுதான் பழைய அரண்மனைச் சதுக்கம்.

இங்கே காஷ்டமண்டபத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். ஊருக்கே பெயர் தந்த மர மண்டபம். 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன் 7.8 மேக்னிட்யூட் அளவில் நிலம் அதிர்ந்தபோது இது முழுதாகச் சரிந்தது. அப்போது உள்ளே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. இப்போது நீங்கள் பார்ப்பது அதே இடத்தில் பழைய முறையில் மரத்தால் மீண்டும் எழுப்பப்பட்டது. தூண்களைத் தொட்டுப் பார்த்தால் மரம் இன்னும் புதிதென்று கைக்கே தெரியும்.

அருகில் குமாரி இல்லம், 1757இல் கட்டியது. இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார்களின் சாக்கிய குலத்தில் தேர்ந்தெடுத்த சிறுமி, வாழும் தெய்வமாக அங்கே இருக்கிறாள். முற்றத்தில் நின்றால் சில நேரம் மேல் சாளரத்தில் தோன்றுவாள். அப்போது கேமராவை எடுக்கக் கூடாது.

மாலை ஐந்துக்குப் பௌத்தநாத். 36 மீட்டர் உயர வெள்ளைத் தூபி, நான்கு திசையிலும் கண்கள். கண்களுக்குக் கீழே மூக்கு போல் இருப்பது நேபாளி எண் ஒன்று. 1959க்குப் பிறகு திபெத்திலிருந்து வந்தவர்கள் இதைச் சுற்றிக் குடியேறினார்கள். வேலை முடித்து வருகிற பாட்டிகள், பள்ளிப் பிள்ளைகள், பிக்குகள் எல்லோரும் வலம் வருவார்கள். நமக்குப் பழகியதுதான், வலப்புறமாகச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் நடக்காதீர்கள். மூன்று சுற்று மெதுவாக நடந்தால் காலின் இறுக்கமும் தளரும்.

*இரண்டாம் நாள்: பசுபதிநாத், பாட்டன்*

விடிகாலையிலேயே பசுபதிநாத்துக்குப் போய்விடுங்கள். கருவறைப் பகுதிக்குள் இந்துக்களுக்குத்தான் அனுமதி. தோல் பெல்ட், தோல் பர்ஸ் அறையிலேயே இருக்கட்டும். உள்ளே படமெடுக்கக் கூடாது. மேற்கு வாசலில் பிரம்மாண்டமான பொன்னிற நந்தி, அதைத் தாண்டி நான்கு முக லிங்கம். நான்கு வாசலிலும் நின்று ஒவ்வொரு முகமாகத் தரிசிக்கலாம். பூசை செய்பவர்கள் கர்நாடகத்திலிருந்து வரும் பட்டர்கள், இது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். நெடுந்தூரம் வந்து நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பார்க்கும்போது ஒரு நெகிழ்ச்சி வரும்.

கீழே பாக்மதிக் கரையில் சிதைகள் எரியும். எதிர்க் கரைப் படிகளில் நின்று சிலர் அதைப் படமெடுக்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். அங்கே ஒரு வீட்டார் தங்கள் மனிதரை வழியனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மதியம் பாட்டன். 1637இல் மன்னர் சித்தி நரசிம்ம மல்லர் கட்டிய கல் கிருஷ்ணர் கோயிலுக்கு 21 பொற்கலசங்கள். முதல் தளத்தைச் சுற்றி மகாபாரதம், அடுத்த தளத்தில் ராமாயணம், சிறு சிறு சிற்பங்களாக. கதை தெரிந்த நமக்கு வழிகாட்டியே வேண்டாம், ஒவ்வொரு காட்சியாக அடையாளம் கண்டு போகலாம். பக்கத்துப் பள்ளத்தில் உள்ள மங்க ஹிட்டி என்ற கல் நீர்த்தாரையில் இன்றைக்கும் குடத்தோடு வந்து நீர் பிடிக்கிறார்கள். பாட்டன் அருங்காட்சியகம் அரண்மனைக்குள்ளேயே இருக்கிறது. பள்ளத்தாக்கில் ஒரே ஒரு அருங்காட்சியகம் பார்ப்பதென்றால் இதைப் பாருங்கள்.

*மூன்றாம் நாள்: பக்தபூர்*

ஏறக்குறைய 13 கிலோமீட்டர். முழு நாளும் இதற்கே. மூன்று நகரங்களில் என் மனசு இங்கேதான் நிற்கும்.

ஐந்து அடுக்குக் கூரை கொண்ட ந்யாதபோல கோயில், 1702இல் பூபதீந்திர மல்லர் எழுப்பியது. 1934, 2015 இரண்டு பெரும் பூகம்பங்களிலும் நின்றது. படிகளின் இருபுறமும் காவல் உருவங்கள் சோடி சோடியாக: கீழே மல்யுத்த வீரர்கள், அவர்களைவிடப் பத்து மடங்கு பலம் கொண்ட யானைகள், அதற்கு மேல் சிங்கங்கள், பிறகு யாளி போன்ற உருவங்கள், உச்சியில் இரண்டு தேவியர். ஒவ்வொரு மேடைக்கும் பலம் பத்து மடங்கு கூடுகிறது. மேல் மேடையில் உட்கார்ந்து சதுக்கத்தைப் பாருங்கள்.

பிறகு குயவர் சதுக்கம். வெயிலில் வரிசை வரிசையாகச் சட்டிகள் காயும். அப்படிப்பட்ட சட்டியில்தான் ஜூஜு தௌ உறைய வைக்கிறார்கள். பெயருக்கு ராஜா தயிர் என்று பொருள். எருமைப் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துத் தோய்ப்பது. மண் சட்டி ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கரண்டியால் எடுத்தால் வெட்டிய இடம் அப்படியே நிற்கும். மேலே மஞ்சள் ஏடு, லேசாகப் புகை மணம். நான் முதல் கரண்டியை வாயில் வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டேன், சட்டி காலியாகும் வரை.

நேரமிருந்தால் திரும்பும் வழியில் சாங்கு நாராயணர். அங்குள்ள கல்தூண் கல்வெட்டு கி.பி. 464ஆம் ஆண்டு, மானதேவ அரசனுடையது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் வடக்கே புடாநீலகண்டம் போங்கள். குளத்துக்குள் ஆதிசேடன் மேல் பள்ளிகொண்ட கருங்கல் பெருமாள், ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளம், திறந்த வானத்தின் கீழ். அன்னபூர்ணா சுற்றில் முக்திநாத் சேவித்து வந்தவர்களுக்கு, திவ்யதேசமான திருச்சாளக்கிராமம் அதுதான் என்பதால், இந்தத் தரிசனம் ஒரு தொடர்ச்சியாக இருக்கும்.

படி 5: வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால்

முதலில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நேபாள வீடுகளில் முக்கியச் சாப்பாடு இரண்டு வேளை: காலை பத்து மணி வாக்கில் ஒன்று, இரவில் ஒன்று. "காலைச் சாப்பாட்டுக்கு வாங்க" என்றால் இட்லி போல் ஏதோ இருக்கும் என்று நினைக்காதீர்கள். முழுச் சோறு. விடுதியில் காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் போங்கள்.

கொண்டு போக: பழங்கள், இனிப்பு, குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு ஏதாவது. நம் ஊரிலிருந்து முறுக்கோ காபித் தூளோ மிச்சமிருந்தால் அதைவிட நல்ல பரிசு இல்லை. பணம் கொடுக்காதீர்கள், அது படி 3இல் முடிந்துவிட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றி, கைகூப்பி நமஸ்தே. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் குறைவு. மூத்த ஆணை "தாஇ" என்பார்கள், அண்ணன் என்று பொருள். மூத்த பெண் "தீதி", இளையவர்களில் ஆண் "பாய்", பெண் "பஹினி", அம்மாவுக்கு "ஆமா". நீ, நீங்கள் வேறுபாடு அங்கேயும் உண்டு. "தபாய்" என்றால் நீங்கள், அதையே எல்லோருக்கும் பயன்படுத்துங்கள். அவர்கள் முதலில் கேட்பது "கானா கானு பயோ?" சாப்பிட்டாச்சா என்று. இதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று தமிழர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அவர்கள் அழைக்காமல் சமையலறைக்குள் போகாதீர்கள். பழைய நேவார் வீடுகளில் அடுக்களை உச்சி மாடியில் இருக்கும், வெளியார் அங்கே ஏறுவதில்லை. அடுத்து ஜூட்டோ. நம் எச்சில்தான், பெயர் மட்டும் வேறு. உங்கள் தட்டிலிருந்து பிறர் தட்டுக்கு எதையும் மாற்றாதீர்கள், சாப்பிடும் கையால் பொதுக் கரண்டியைத் தொடாதீர்கள்.

ஒருமுறை எங்கள் போர்ட்டர் தம்பி தன் வாடகை அறைக்குக் கூப்பிட்டார். ஒரே அறை, ஓரத்தில் கேஸ் அடுப்பு, கட்டிலுக்குக் கீழே அவர் சுமக்கும் டோக்கோ கூடை. பித்தளைத் தட்டின் நடுவில் சோற்றுக் குவியல், கிண்ணத்தில் கறுப்பு உளுந்துப் பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, குந்த்ருக் என்ற புளித்த காய்ந்த கீரை, தக்காளி ஊறுகாய். ஊறுகாயில் திமுர் என்ற மலை மிளகு. நாக்கு நுனி மரத்துப்போய் எலுமிச்சை மணம் மூக்கில் ஏறியது. தாகத்துக்குச் செம்பை எடுத்து, பழக்கதோஷத்தில் அண்ணாந்து குடித்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா பெரிதாகச் சிரித்து மகனிடம் ஏதோ சொன்னார். "நம்ம ஆளு மாதிரியே குடிக்கிறாரு" என்றாராம். அங்கேயும் பாத்திரத்தில் வாய் வைக்காமல்தான் குடிப்பார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் நான் வெளியாள் இல்லை.

சோறு மறுபடி மறுபடி வரும். "புக்யோ" என்றால் போதும். ஒருமுறை சொன்னால் உபசாரத்துக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்து இன்னொரு கரண்டி விழும். உண்மையாகவே போதுமென்றால் தட்டின் மேல் கையை மறைத்துச் சொல்லுங்கள். முதல் தடவை குறைவாக வாங்கிக்கொண்டு, இரண்டாவதாகக் கேட்டு வாங்குவதே நல்லது, சமைத்தவர் முகம் மலரும். "மிட்டோ ச்ச" என்றால் ருசியாக இருக்கிறது. பல வீடுகளில் விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். கூட உட்காரச் சொல்லி வற்புறுத்தாமல், அவர்களுக்கு மிச்சம் இருக்கும்படி பார்த்துச் சாப்பிடுங்கள்.

சைவர்கள் முன்கூட்டியே "ஷாகாஹாரி" என்று சொல்லிவிடுங்கள். கடைகளில் பஃப் மோமோ என்றிருந்தால் அது எருமை இறைச்சி. நேவார் வீட்டு விருந்தில் ஐலா என்ற அரிசிச் சாராயத்தை உயரத்திலிருந்து சிறு கிண்ணத்தில் ஊற்றுவார்கள். குடிக்காதவர்கள் கைகூப்பி மறுத்தால் யாரும் வருந்துவதில்லை.

பேச்சும் தின்பண்டமும் சாப்பாட்டுக்கு முன்னால்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்புவது அங்கே இயல்பு. விடைபெறும்போது நெற்றியில் டீக்காவோ கழுத்தில் கதா என்ற பட்டுத் துண்டோ போடுவார்கள். தலையைக் கொஞ்சம் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள், உடனே கழற்றாதீர்கள்.

படி 6: வாங்குவதும் கிளம்புவதும்

ருத்ராட்சம், இலாம் தேயிலை, லோக்தா என்ற கையால் செய்த காகிதம் மூன்றும் எடை குறைவு, தரமானது கிடைக்கும். ருத்ராட்சத்தில் அரிய முகங்கள் என்று சொல்லிப் பெரிய விலை கேட்டால் விலகிவிடுங்கள், ஐந்து முகம் எளிதாகக் கிடைப்பது. குக்ரி கத்தி வாங்கினால் கைப்பையில் வைக்கக் கூடாது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்களை நாட்டை விட்டு எடுத்துச் செல்லத் தடை உண்டு. புதிய சிலையே பழையது போல் இருந்தால் தொல்லியல் துறைச் சான்று வாங்கித் தரும்படி கடைக்காரரிடம் கேளுங்கள்.

மீதமுள்ள நேபாளப் பணத்தை அங்கேயே மாற்றிவிடுங்கள், நம் ஊரில் மாற்றுவது சிரமம். டெல்லி வழியாகத் திரும்புகிறவர்கள் விமானத்தில் வலப்பக்கச் சாளர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால், நீங்கள் நடந்து வந்த பனிமலைத் தொடர் வெகுநேரம் உங்கள் தோளுக்கு நேராகக் கூடவே வரும்.